சுல்மா போட்ட ஐந்து நட்சத்திரங்கள்

மொந்தெவிதேயோ துறைமுகம்
மார்ச் 9, 2014

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி யமந்தூ எழுதுவது. ஒரு கடைவாய்ப் பல்லைத் தவிர நான் சுகம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? நான் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அத்தான் கை மரத்துப்போகிறது என்றாரே, டாக்டரிடம் காட்டினீர்களா?

நேற்றுதான் கப்பல் கரை சேர்ந்தது. இருபத்து மூன்று நாள் அந்த ஆடும் சமையலறையில் முப்பது பேருக்குச் சமைத்ததில் இப்போது தரையே ஆடுகிறது. குளித்ததும் முதல் வேலையாக இணையத்தில் நம் 'வட்ட'த்தைத் திறந்தேன். கடலில் வாரத்துக்கு அரை மணி நேரம்தான் இணையம். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு சிகரெட் முடிந்துவிடும். அதனால் வட்டத்து ஆட்கள் பார்த்து நட்சத்திரம் போட்ட தளங்களைத் தவிர வேறெதையும் நான் தொடுவதில்லை. அதிலும் மருந்து, உடம்பு சம்பந்தப்பட்டது என்றால் நீ போட்டதை மட்டும்தான்.

உன் பக்கத்தில் 'உயிர்த்துளி' என்று ஒன்று. எல்லா நோய்க்கும் ஒரே சொட்டு மருந்து விற்கிறார்கள். ஐந்து நட்சத்திரம். கீழே உன் பெயர். "நல்லவர்கள். நம்பி வாங்கலாம்." மதிப்புரையே அவ்வளவுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். வைட்டமின் விற்ற ஒரு தளம் தன் ஆய்வுக்கூடத்தின் தெருப்பெயரைத் தப்பாகப் போட்டதற்கு நாற்பது வரி எழுதி ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவள் நீ. இந்த ஆறு வருஷத்தில் நீ ஐந்து போட்டு நான் பார்த்ததில்லை. உன் கடவுச்சொல்லை யாராவது திருடிவிட்டார்களா?

கப்பலில் இரண்டாம் மெக்கானிக் நேரி இருக்கிறானே, அவனை வட்டத்தில் சேர்க்க இரண்டு பேர் உறுதி சொல்ல வேண்டும் என்றபோது நானும் நீயும்தானே சொன்னோம். அவன் காலையிலிருந்து என் பின்னாலேயே சுற்றுகிறான். "உங்க அக்காவே அஞ்சு போட்டுட்டாங்க, முட்டி வலிக்கு ரெண்டு பாட்டில் சொல்லிடவா?" என்கிறான். பொறுடா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சீக்கிரம் பதில் போடு. அத்தானுக்கு என் அணைப்பு.

யமந்தூ


மெர்சேதஸ்
மார்ச் 21, 2014

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் நலம். பல்லை இப்படியே விட்டு வைக்காதே. கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு கடலுக்குப் போகிற வயதா உனக்கு? கரையில் இருக்கும்போதே பிடுங்கிவிடு.

இந்த வருஷம் சீமைமாதுளை கொட்டித் தீர்த்துவிட்டது. அல்வா கிண்டி ஏழு டப்பா நிரப்பிவிட்டேன். உனக்கு இரண்டு. ஆற்றில் தண்ணீர் ஏறி, கரையோரச் சாலையை மூன்று நாள் மூடினார்கள். எதிர்வீட்டு வாஷிங்டன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாராம், அறுபத்தெட்டு வயதில்.

அத்தானுக்குக் கொஞ்சம் அசதி. மற்றபடி ஒன்றுமில்லை.

கடவுச்சொல் எங்கேயும் போகவில்லை. நான் போட்டதுதான். நேரி அதை வாங்க வேண்டியதில்லை. அவன் முட்டி வலிக்கு மருந்து, எடையைக் குறைப்பது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா சுல்மா


மொந்தெவிதேயோ
ஏப்ரல் 30, 2014

அன்புள்ள அக்கா,

நலம். பல்லைப் பிடுங்கியாயிற்று. உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல்.

அல்வா, ஆறு, வாஷிங்டன் கல்யாணம் எல்லாம் படித்தேன். சந்தோஷம். ஆனால் கடைசி இரண்டு வரியை முப்பத்தைந்து நாள் கடலில் மென்றுகொண்டே இருந்தேன். நீதான் ஐந்து போட்டாய். நேரி வாங்க வேண்டாம். இரண்டும் எப்படி அக்கா ஒரே தலைக்குள் இருக்கும்?

என் வாராந்திர அரை மணியை அந்தத் தளத்துக்கே செலவழித்தேன். நீதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாய், மூன்று கேள்வி கேள் என்று: யார் நடத்துகிறார்கள்? எங்கே இருக்கிறார்கள்? தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது? மூன்றுக்கும் அங்கே பதில் இல்லை. விலாசம் கிடையாது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு டாக்டர் சிரிக்கிறார். அதே ஆள் அதே சிரிப்போடு வேறொரு தளத்தில் சோபா விற்கிறார்.

என்னைப் பின்தொடர்கிறவர்கள் நாற்பத்தொரு பேர். உன்னை நான் முழு நம்பிக்கையில் வைத்திருப்பதால், நீ போடும் நட்சத்திரம் நேராக அவர்கள் பக்கத்தில் போய் விழுகிறது. அவர்கள் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேட்கக் கூடாதுதான், கேட்டுவிடுகிறேன். அவர்கள் உனக்கு ஏதாவது கொடுத்தார்களா?

இதை எழுதிவிட்டு அழித்தேன். மறுபடி எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

யமந்தூ


மெர்சேதஸ்
மே 11, 2014

யமந்தூ,

இருபத்தேழு வருஷம் மருந்துக் கடை மேடைக்குப் பின்னால் நின்றவள் நான். ஒரு காலாவதியான இருமல் மருந்தை விற்றதில்லை. என்னைப் பார்த்துக் காசு வாங்கினாயா என்று கேட்டுவிட்டாய்.

உன் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. நாற்பத்தொரு பேரும் நிம்மதியாக இருக்கட்டும்.

இதற்கு மேல் எழுத நேரமில்லை. அத்தானுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட வேண்டும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். நலமாக இரு.

சுல்மா


மொந்தெவிதேயோ
ஜூன் 20, 2014

அன்புள்ள அக்கா,

மன்னித்துவிடு. முதலில் அதை வாங்கிக்கொள். உன் பெயரை நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன்.

உன் கடிதம் இங்கே அலுவலகத்தில் ஒரு மாதம் காத்திருந்திருக்கிறது. நேற்றுதான் கைக்கு வந்தது. அதில் ஒரு வரி இடிக்கிறது. அத்தானுக்கு நீ ஏன் பொத்தான் போட வேண்டும்? எந்த மருத்துவமனை? எதையும் முழுதாகச் சொல்லாமல் பாதி வாசல் திறந்து வைத்தால் எனக்கு என்ன புரியும்?

அதைவிட அவசரமான ஒன்று. மெலோவில் ஷிர்லி ஒலிவெரா என்று ஒருத்தி, தையல்காரி, நம் வட்டத்தில் இருக்கிறாள். அவள் மகள் மைத்தேவுக்கு ஏழு வயது. வலிப்பு நோய். உன் மதிப்புரைக்குக் கீழே எழுதியிருக்கிறாள்: "சுல்மா அக்கா சொன்னா எனக்கு அது போதும். மருந்துக்குச் சொல்லிட்டேன். இது வந்ததும் வலிப்பு மாத்திரைய நிறுத்தலாமா அக்கா?" ஒன்பது நாளாக அந்தக் கேள்வி பதிலில்லாமல் கிடக்கிறது. நான் பதறிப்போய், "நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்" என்று எழுதினேன். "ரெண்டையும் சேத்துக் குடிச்சா விஷம்னு அந்தத் தளத்துல போட்டிருக்கே. நீங்க சமையல்காரர்தானே? அக்கா சொல்லட்டும்" என்று பதில் போட்டாள்.

நான் சமையல்காரன்தான். நீ சொல்.

நாளைக் காலை கப்பல் ஏறுகிறேன். நாற்பது நாளுக்கு மேல் ஆகும். இதைப் படித்தவுடன், வேறெதுவும் செய்வதற்கு முன்னால், அவளுக்குப் பதில் எழுது. எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

வீட்டு ஃபோனை யாரும் எடுக்கவில்லை. அதனால் இந்த முறை இதை மின்னஞ்சலில் அனுப்புகிறேன், இன்றே கிடைக்கும்.

அத்தானுக்கு அன்பு.

யமந்தூ


மொந்தெவிதேயோ
ஆகஸ்ட் 4, 2014

அக்கா,

சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

நேற்று வந்தேன். இந்தப் பயணம் முழுக்கக் கடலில் இணையமே கிடைக்கவில்லை. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் பக்கத்தில் உயிர்த்துளி இல்லை. நட்சத்திரமும் இல்லை, மதிப்புரையும் இல்லை, துடைத்து வைத்த பலகை மாதிரி இருக்கிறது. பொது மன்றத்தில் ஷிர்லி ஜூலை மூன்றாம் தேதி எழுதியதுதான் கிடக்கிறது: "மைத்தே ஆஸ்பத்திரியில. யாராவது சுல்மா அக்காவுக்குச் சொல்லுங்க." அதற்குக் கீழே நூற்றுக்கும் மேற்பட்ட பேர். ஒருவர் உன்னை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்கிறார். ஒருவர் நீ செத்துப்போய் மாதக்கணக்காகிறது, யாரோ உன் பெயரில் எழுதினார்கள் என்கிறார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. உன் கூடப் பிறந்தவன் எனக்கே புரியவில்லை.

காலையில் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அத்தான் எடுத்தார். என்னவோ சொன்னார். நாக்குக் குழறி ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நான் சிரித்துக்கொண்டே, "என்ன அத்தான், காலங்காத்தாலயே ஊத்தியாச்சா?" என்றேன். அவரும் சிரித்தார். பிறகு ஃபோன் எங்கேயோ இடிபட்டு விழுகிற சத்தம். அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

அவர் குடித்திருக்கவில்லை, இல்லையா அக்கா?

யமந்தூ


மெர்சேதஸ்
ஆகஸ்ட் 15, 2014

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலமாக இல்லை. மார்ச்சில் உனக்கு 'இங்கே நாங்கள் நலம்' என்று எழுதியது பொய்.

அவர் குடிக்கவில்லை. உன் கேலியை எனக்கு நடித்துக் காட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு ஒருவன் தன்னை நோயாளியாக நினைக்காமல் பேசினானாம். அதற்காக உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

பிப்ரவரியில் மொந்தெவிதேயோவில் காட்டினோம். நரம்புகள் ஒவ்வொன்றாக அடங்கிப்போகிற நோய். முதலில் கை, பிறகு நாக்கு, கால், கடைசியில் மூச்சு. மருந்து கிடையாது. இரண்டு வருஷம், கூடிப்போனால் மூன்று. நீ நடுக்கடலில் இருப்பவன், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். நானும் சரி என்றேன்.

அந்தத் தளத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். இதெல்லாம் பித்தலாட்டம் என்று சொல்ல வாயெடுத்தேன். "வாயில சொல்லாத, சுல்மா. வட்டத்துல போடு. நீ அங்க பொய் எழுத மாட்ட. அங்க என்ன போடுறியோ அதப் பாத்து முடிவு பண்றேன்" என்றார். நான் போடவில்லை. நாட்களைக் கடத்தினேன். தினமும் காலையில் மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "போட்டாச்சா?" என்பார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். சாப்பிடுவதையும் நிறுத்தினார். ஒன்பது நாள் ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்ட வேண்டியிருந்தது, கை வராததால் இல்லை, மனசு வராததால். பத்தாம் நாள் ஐந்து நட்சத்திரம் போட்டேன். அன்றைக்கு இரண்டு முட்டை சாப்பிட்டார். ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஒரே ஒரு ஆளுக்காக எழுதியது, யமந்தூ. மற்றவர்களும் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் எப்படி மறந்தேன் என்றுதான் இன்னும் விளங்கவில்லை.

இப்போது சொல்லப்போவதை அவரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. உன் ஜூன் மாதக் கடிதம் வந்த அன்றே படித்துவிட்டேன். அன்று மத்தியானமே, அவர் தூங்கும்போது. சாயங்காலம் பதில் எழுத வந்து பார்த்தால் அவர் திரைமுன் உட்கார்ந்திருந்தார், என் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. நாளைக்கு என்று நினைத்தேன். மறுநாளும் உட்கார்ந்திருந்தார். ஷிர்லிக்கு ஒரு வரி பதில் எழுதியிருந்தால் அதுவும் அதே பக்கத்தில் அவர் கண்ணில் படும். பதினோரு நாள் இப்படிப் போயிற்று. ஜூலை முதல் தேதி நம்பரைத் தேடிப்பிடித்து மெலோவுக்குக் கூப்பிட்டேன். ஷிர்லியின் தங்கை எடுத்தாள். "முந்தாநாள் மத்தியானம் வலிப்பு வந்துச்சு. நாப்பது நிமிஷம் நிக்கவே இல்ல. நீங்க யாரு பேசுறீங்க?" என்றாள். பெயரைச் சொல்லாமல் வைத்துவிட்டேன். அன்றே நட்சத்திரத்தை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு மாதம் அப்படியே கிடந்தேன். உன் ஆகஸ்ட் கடிதம் வந்தபின் வாஷிங்டனை அத்தானோடு இருக்கச் சொல்லிவிட்டு மெலோவுக்குப் பஸ் ஏறினேன். ஒரு பகல் முழுக்கப் பயணம்.

ஷிர்லி இருபத்தெட்டு, முப்பது வயதுப் பெண். கழுத்தில் அளவு நாடா. பெயரைச் சொன்னதும் கதவை மூடவில்லை, திறக்கவும் இல்லை.

"எதுக்கு வந்தீங்க?"

"சொல்லணும்னு வந்தேன். எம் புருஷன் சாகப்போறாரு. அவரு சாப்பிடணும்னு அந்தப் பொய்ய எழுதினேன்."

"அவரு சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு."

"அப்ப ஒருத்தருக்காவது அந்த மருந்து வேலை செஞ்சிருக்கு" என்றாள். அதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம்.

குழந்தை உள்ளேயிருந்து வந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை, கை கால் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நீண்ட நேரம் நிற்கிறது, தெருவைக் கடக்கப் பயந்து நிற்கிற மாதிரி. "நீங்கதான்... நட்சத்திரம்... போடுற அம்மாவா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். "எனக்கு... போடுங்க" என்று கையை நீட்டிற்று. ஷிர்லி அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வாசலிலேயே நின்றேன். பிறகு அவள் தங்கை வந்து, கடைசி பஸ் நாலரைக்கு என்றாள்.

திரும்பி வந்து அவரிடம் சொன்னேன், அந்தப் பதினோரு நாளைத் தவிர. அவர் பேசுவது இப்போது எனக்கு மட்டும்தான் புரியும்.

"நீ அஞ்சு போட்ட அன்னைக்கே பொய்னு தெரியும்டி, அதான் மருந்த வாங்கச் சொல்லல" என்றார். "எனக்கே நீ மூணுக்கு மேல குடுத்ததில்ல."

"அப்புறம் ஏன் தினமும் அதையே திறந்து திறந்து பாத்தீங்க?"

"எனக்காக நீ பொய் சொல்லியிருக்கியே. அதத்தான் பாத்தேன்."

குழந்தையைப் பற்றிச் சொன்னபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "எழுது. எல்லாத்தையும் எழுது. எம் பேரையும் போடு" என்றார்.

எழுதிவிட்டேன். ஒற்றை நட்சத்திரம், நடந்தது முழுக்க, அந்தப் பதினோரு நாள் உட்பட. இனி வட்டம் படிக்கும், அவரும் படிப்பார். அதற்கு முன்னால் உனக்கு எழுதுகிறேன்.

அக்கா


மொந்தெவிதேயோ
ஆகஸ்ட் 20, 2014

அன்புள்ள அக்கா,

இரண்டு முறை படித்தேன். உன்னைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கடிதத்தில் செய்ய முடியாது.

நாற்பத்தொரு பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். மூன்று பேர் வாங்கியிருக்கிறார்கள். நேரியும் ஒருவன், எனக்குத் தெரியாமல் வாங்கியிருக்கிறான். "வெறும் உப்புத் தண்ணி, கடல்ல மொண்டு குடிச்சிருக்கலாம்" என்கிறான். மற்ற இருவருக்கும் தீங்கு ஒன்றுமில்லை. உன் நட்சத்திரத்தை நம்ப முடியாமல் இருந்தபோதும் என் பக்கத்திலிருந்து அதை நான் எடுக்கவில்லையே அக்கா. எடுத்திருக்கலாம். உன் பெயர் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அந்தப் பங்கு என்னுடையது.

இன்று உன் பெயரை என் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். கோபத்தில் இல்லை. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நீயே எடுத்திருப்பாய்.

அடுத்த பயணத்துக்கு என்னைத் தவிர்த்துவிட்டு வேறு ஆளைப் பார்க்கும்படி கேப்டனிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் வருகிறேன். அத்தானை நான் குளிப்பாட்டுகிறேன், நீ தூங்கு.

யமந்தூ


மெர்சேதஸ்
நவம்பர் 16, 2014

அன்புத் தம்பிக்கு,

கப்பலுக்குத் திரும்பிப் போனவன் கரைக்கு வந்திருப்பாய் என்று நினைக்கிறேன். உடம்பு எப்படி? இங்கே இருப்பதைச் சொல்கிறேன். அத்தானுக்குக் குரல் முழுதாகப் போய்விட்டது. நீ அட்டையில் எழுதிக் கொடுத்த எழுத்துகளை வலது கை நடுவிரலால் தொட்டுக் காட்டுகிறார். அந்த ஒரு விரல் இன்னும் இருக்கிறது. பிசைந்து கொடுத்தால் விழுங்குகிறார். நீ இருந்த இரண்டு மாதத்தில் ஏறிய எடை இன்னும் இறங்கவில்லை.

வட்டத்தில் என்னை நம்பிக்கையில் வைத்திருந்தவர்கள் முந்நூறு பேருக்கு மேல். இப்போது ஆறு பேர். அவர்கள் ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை, ஒருவேளை எடுக்க மறந்திருப்பார்கள். நானும் எதையும் மதிப்பிடுவதில்லை.

போன மாதக் கடைசியில் மெலோவிலிருந்து ஒரு தபால். ஷிர்லி. பேச்சுப் பயிற்சி சொல்லித் தருகிற ஒரு தளத்தின் முகவரியை எழுதி அனுப்பியிருந்தாள். "உங்க மேல இருக்கிற கோபம் போகல, போகவும் போகாது. ஆனா இதத் தோண்டிப் பாத்துச் சொல்ல உங்கள விட்டா எனக்கு வேற ஆள் தெரியல. மைத்தேக்கு இது நல்லதா?" அவ்வளவுதான். கடிதத்தில் நலம் விசாரிப்பு இல்லை. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

நான்கு நாள் பார்த்தேன். அந்தத் தளத்தில் இரண்டு பேச்சுப் பயிற்சியாளர்களின் பெயர் இருக்கிறது. இருவரையும் ஃபோனில் பிடித்தேன். ஒருத்தி தக்குவாரெம்போவில் நிஜமாகவே வேலை பார்க்கிறாள், நன்றாகப் பேசினாள். இன்னொருத்திக்குத் தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாது. பயிற்சிகளைப் பார்த்தால் தப்பாகத் தெரியவில்லை. சரி என்று சொல்லவும் எனக்குப் படிப்பு இல்லை. மருந்துக் கடையில் நின்ற காலத்தில் "தெரியாது" என்று யாரிடமும் சொன்னதாக நினைவில்லை, அப்படிச் சொன்னால் ஆட்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஷிர்லிக்கு இப்படி எழுதினேன்: விசாரித்ததில் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு. இது மைத்தேக்கு நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் டாக்டரிடம் இந்தக் காகிதத்தைக் காட்டாமல் எதையும் தொடங்காதே. நட்சத்திரம் போடவில்லை.

வட்டத்திலும் அதையே போட்டேன், நட்சத்திரம் இல்லாமல். போட்டுவிட்டுத் திரும்பினால் அத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அட்டையைக் கொடுத்தேன். 'எ', 'ன்', 'ன' என்று காட்டினார்.

"என்ன போட்டேன்னு கேக்குறீங்களா? தெரியலன்னு போட்டேன்" என்றேன்.

மறுபடி விரலைத் தூக்கினார். 'ந' என்று தொட்டார். கை நழுவிவிட்டது. நாக்கு வறண்டிருக்கிறது என்று சொல்ல வருகிறார் என நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தேன். தலையை ஆட்டி மறுத்தார். முதலிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் போய்ச் சேரக் கால் நிமிஷம் ஆகிறது. நான் பாதியிலேயே எதையாவது ஊகித்துச் சொல்லிவிடுவேன் என்று அவருக்குப் பயம், கண்ணாலேயே என்னை அதட்டிக்கொண்டு காட்டினார்.

'நம்புறேன்'.

முடித்துவிட்டு, அந்தத் தண்ணீரை இப்போது கொடு என்பதுபோல் வாயைத் திறந்தார்.

அக்கா சுல்மா